புல்வெட்டி டெக்கின் அகலம்: மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரங்களை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

புல்லைப் பற்றி நம்மவர்கள் சொல்லாமல் விட்டது கொஞ்சம்தான். சித்த வைத்தியர் அருகம்புல்லைச் சாறு பிழிந்து குடிக்கச் சொன்னார். குருக்கள் அதையே பிள்ளையாருக்குச் சாத்தச் சொன்னார். மனை புரோக்கர், "முன்னாடி சின்னதா ஒரு லான் போட்டுக்கலாம் சார்" என்று சொல்லி சதுர அடிக்கு விலையை ஏற்றினார். போட்ட லானை எத்தனை அங்குல அகலமுள்ள எந்திரத்தால் வெட்டுவது என்று மட்டும் இவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. இதற்கு மூல நூல் கிடையாது. ஆகவே உரையும் கிடையாது. நூற்பாவையும் நானே இயற்றி உரையையும் நானே எழுத வேண்டியதாயிற்று. உரையாசிரியர் மூல ஆசிரியரைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று பின்னால் எவரும் குறைசொல்ல முடியாது என்பது இதில் உள்ள வசதி.

ஆய்வு எல்லையை முதலிலேயே சொல்லிவிடுவது மரபு. வடக்கே கதீட்ரல் சாலை, தெற்கே ஐ.ஐ.டி. மதில், கிழக்கே கடல், மேற்கே மாம்பலம் ரயில் நிலையம். நிலையத்துக்கு அப்பால் உள்ள மேற்கு மாம்பலத்தையும் சேர்க்கத்தான் எண்ணம். அளவு நாடாவுடன் ரங்கநாதன் தெருவைக் கடக்க முடியாததால் அது கைவிடப்பட்டது.

இனி நூற்பா:

*புல்லின் பரப்பும் புகுவழி இடுக்கும்*
*செல்லும் தரையின் திண்மையும் மேடும்*
*வெட்டுவான் தோளும் வீட்டார் வாயும்*
*டெக்கின் அகலம் தெரிதற்கு ஏதுவே.*

என்பது, டெக் அகலத்தைத் தேர்ந்துகொள்வதற்குரிய காரணங்கள் இவை என்றவாறு. டெக் என்பது புல்வெட்டும் எந்திரத்தின் அடியில், கவிழ்த்த சட்டிபோலக் கத்தியை மூடியிருக்கும் இரும்புக் கூடு. அது எத்தனை அங்குலமோ, ஒருமுறை தள்ளும்போது வெட்டுப்படும் புல்பட்டை ஏறத்தாழ அத்தனை அங்குலம். கையால் தள்ளுவதில் 21 அங்குலம் பெருவழக்கு. புல்வெட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஏறி உட்கார்ந்து ஓட்டுவனவற்றில் 36, 48, 52, 60, 72 என்று போகும்.

இவ்வெண்கள் நம் மனத்தில் ஒட்டாதவை. உள்ளூர் அளவையில் சொன்னால் ஒட்டும். ஆக்டிவா வண்டியின் அகலம் 697 மில்லிமீட்டர், அதாவது 27 அங்குலத்துக்குச் சற்று மேல். பஜாஜ் ஆட்டோ 1,300 மில்லிமீட்டர், 51 அங்குலம். இன்னோவா கிறிஸ்டா 1,830 மில்லிமீட்டர். மிகச் சரியாக 72 அங்குலம். ஆக, 52 அங்குல டெக் என்பது ஓர் ஆட்டோ. 72 அங்குல டெக் என்பது ஓர் இன்னோவா. இதிலிருந்து, இன்னோவா நுழையும் வீட்டில் 72 அங்குல டெக்கும் நுழையும் என்று மாணவர்கள் முடிவுகட்டக்கூடும். கட்டற்க. இன்னோவா நுழையும் வீட்டில் இன்னோவா ஏற்கெனவே நுழைந்து நிற்கிறது.

முன்னோடிகளைப் பற்றிச் சிறிது. இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் நகரத்துக்காரரான எட்வின் பட்டிங் 1830-இல் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது கம்பளி ஆலைகள் நிறைந்த வட்டாரம். நெய்த துணியின் மேல் சிலிர்த்து நிற்கும் பிசிறை உருளைக் கத்தியால் சமமாகக் கத்தரிக்கும் எந்திரம் ஆலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் துணியிலிருந்து தரைக்கு இறக்கியதுதான் பட்டிங் செய்த காரியம். அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களே என்று இரவில் ஓட்டிப் பார்த்தாராம். இது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவர் மயிலாப்பூர்க்காரராக இருந்து இரவு பதினொரு மணிக்கு ஓட்டியிருந்தாலும் எதிர்வீட்டு மாமி ஜன்னலைத் திறந்து, "என்னடா அது சத்தம்?" என்று கேட்டிருப்பார், காப்புரிமை அன்றோடு போயிருக்கும்.

பட்டிங்கின் முதல் எந்திரம் 19 அங்குலம். ஒரு முழத்துக்கு ஓர் அங்குலம் கூடுதல். மாடவீதிப் பூக்காரம்மாவின் முழத்தால் அளந்தால் அது ஒன்றேகால் முழம் வரும். பேரம் பேசினால் ஒன்றரை. 1832-இலிருந்து ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இதைச் செய்யத் தொடங்கியது. 1835-இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் பிறந்து, கதீட்ரல் சாலையில் நெடுங்காலம் நாற்று விற்றது. புல் வளர்க்கும் கலை சென்னையில் இவ்வாறு ஏறத்தாழ 190 ஆண்டுப் பழமை உடையது. வெட்டும் அகலம் பற்றிய தெளிவு மட்டும் பின்தங்கிவிட்டது.

இனி, முதலாவது ஏதுவாகிய பரப்பு. வெளிநாட்டார் இதை மணிக்கு இத்தனை ஏக்கர் என்று கணக்கிடுவர். ஏக்கர் நமக்கு உதவாது. சென்னையில் நிலம் என்பது கிரவுண்ட். கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. அதற்கேற்ற வாய்பாடு இது: டெக்கின் அகலத்தை அடியில் வைத்து, நடக்கும் வேகத்தைக் கிலோமீட்டரில் வைத்து, இரண்டையும் பெருக்கி, மறுபடி 1.37-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிரவுண்ட் என்று விடை வரும். முன் பட்டைமேல் அடுத்த பட்டை இரண்டு அங்குலம் ஏறிப் போகவேண்டும். இல்லையென்றால் நடுவில் மயிர்க்கோடு விழும். அதைக் கழித்துப் பார்த்தால் 21 அங்குல எந்திரம், மூன்று கிலோமீட்டர் நடையில், மணிக்கு ஆறரை கிரவுண்ட் வெட்டும். 60 அங்குல எந்திரம், எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில், 52 கிரவுண்டுக்கு மேல்.

இப்போது மயிலாப்பூருக்கு வருவோம். ஒரு கிரவுண்டில் எட்டு வீடு கட்டி, எட்டு வண்டிக்கு இடம் விட்டு, சம்புக்கும் போர்வெல்லுக்கும் ஜெனரேட்டருக்கும் கொடுத்தது போக, காவலாளி நாற்காலிக்குப் பின்னால் பன்னிரண்டடிக்கு ஆறடியாக எஞ்சும் பச்சைத் திட்டுக்கு லான் என்று பெயர். 72 சதுர அடி. விற்பனைக் கையேட்டில் 'பசுமைவெளி'. இதில் 21 அங்குல டெக் நான்கு பட்டையில் வேலையை முடிக்கும். தள்ளும் நேரம் 18 விநாடி. திருப்புவதைச் சேர்த்துக்கொண்டாலும் ஒரு நிமிடம். 60 அங்குல எந்திரத்தை உள்ளே விட்டால் பாதி லான் அதன் அடியில் மறைந்துபோகும். வெட்டினோமா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதை வெளியே எடுக்க வேண்டும். எடுப்பதற்கு வழி கிடையாது.

இங்குதான் ஆய்வின் கருதுகோள் நிலைபெறுகிறது:

*அவற்றுள்,*
*இடுக்கே தலைமை, ஏனைய பின்னே.*

என்பது, வெட்டவேண்டிய புல் எவ்வளவு என்பதைக் காட்டிலும், புல்லிடம் போய்ச் சேரும் வழியில் மிகக் குறுகிய இடம் எவ்வளவு என்பதே அகலத்தை நிர்ணயிக்கும் என்றவாறு. மேல்நாட்டாரும் வேலிக்கதவை அளந்துவிட்டுத்தான் எந்திரம் வாங்குவர். 36 அங்குலக் கதவுக்கு 36 அங்குல டெக் வாங்கியவர் வெளியே நிற்பார். வெட்டிய புல்லை வீசும் வாய் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருப்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கதவு ஒன்றுதான் தடை. நமக்கோ கதவு ஒரு பொருட்டே இல்லை. லாரி நுழையும் அகலத்துக்கு கேட் போட்டிருக்கிறோம். கேட்டைத் தாண்டியபின்தான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

லஸ் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றின் பக்கவாட்டு நடையை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். கட்டடச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே ஐந்தடி. சுவர்ப்பக்கம் ஏ.சி. வெளிப்பெட்டி ஒன்றேகால் அடி தின்றுவிடுகிறது. மீதி மூன்றே முக்கால். மதில் ஓரம் முதல் மாடிக்காரரின் கறிவேப்பிலைத் தொட்டி, மீதி இரண்டரை. அங்கே ஓர் ஆக்டிவா நிற்கிறது. அது யாருடையது என்று குடியிருப்பில் எவருக்கும் தெரியாது. அசைத்தால் மட்டும் உரிமையாளர் தோன்றுவார். மீதி மூன்று அங்குலம்தான் என்று கணிதம் சொல்கிறது. ஆனால் மயிலாப்பூர்வாசிகள் காலை மாலை இருவேளையும் அந்த மூன்று அங்குலத்தில், காய்கறிப் பையுடன், போய் வந்துகொண்டிருக்கிறார்கள். இது இயற்பியலுக்கு விடப்படுகிறது.

தேரை மறுப்பாகக் காட்டுவோர் உளர். கபாலீசுவரர் தேரின் அகலத்தை முன்னிட்டல்லவா மாடவீதியை அகலமாக விட்டார்கள், அதுபோல டெக்கை முதலில் முடிவுசெய்து நடையைப் பிறகு அமைத்தால் என்ன என்பர். நல்ல கேள்வி. பங்குனித் தேரன்று மாடவீதியில் வண்டி நிறுத்தக் காவல்துறை விடாது. நம் நடைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தரையைப் பற்றிய நூற்பா:

*மேடும் பள்ளமும் விரவிய தரையில்*
*அகலம் மிகமிக மொட்டையும் மிகுமே.*

என்பது வெளிப்படை. அகல டெக் பாலம்போல இரண்டு பள்ளத்தில் கால் ஊன்றி, நடுவில் உயர்ந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி மண்ணைக் காட்டிவிடும். குறுகிய டெக் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கிப் போகும். புல்லுக்கு ஒரு நியதி உண்டு: ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது, வெட்டினால் வேர் சோர்ந்துவிடும். முழு மொட்டை பழநிக்கு ஆகும், அருகம்புல்லுக்கு ஆகாது. (உலகின் பல கிரிக்கெட், கால்ஃப் மைதானங்களில் 'பெர்முடா' என்று சொல்லிப் பல இலட்சம் செலவில் வளர்ப்பது நம் பிள்ளையாருடைய இந்த அருகம்புல் இனத்தைத்தான். பிள்ளையார் இன்னும் ராயல்டி கேட்கவில்லை.)

அகலம் கூடக் கத்தியும் கூடும். கத்தி நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு விதி ஒன்று இருக்கிறது. 60 அங்குலத்துக்கு ஒரே நீளக் கத்தி போட்டால் இந்த வேகத்துக்குள் அடக்க மெதுவாகச் சுற்ற வேண்டும். அதனால் மூன்று சிறு கத்தியாகப் பிரித்து வைக்கிறார்கள். எடையும் அப்படியே ஏறி அரை டன்னைத் தொடும்.

எடையைப் பேசும்போது தி.நகரைப் பேசாமல் இருக்க முடியாது. 1920களில் நீண்ட ஏரியை வற்றவைத்து, அதன் படுகையில் எழுப்பிய பேட்டை அது. ஏரி போனாலும் நினைவு போகவில்லை. ஐப்பசி கார்த்திகையில் வந்து பார்த்துக்கொள்ளலாம். ஏரி மண்ணில் அரை டன் எந்திரத்தை மழைக்காலத்தில் இறக்கினால் சக்கரம் புதையும். மழைக்காலத்தில்தான் புல் வளர்கிறது. வெயில் காலத்தில் எந்திரம் நன்றாக ஓடும், வெட்டத்தான் ஒன்றும் இருக்காது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடிநீர் லாரிக்குத் தெருவே காத்துக்கிடந்தபோது, லானுக்கு நீர் விடுவது என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. அந்த ஆண்டு சென்னைக்குப் பொருத்தமான டெக் அகலம் பூஜ்யம்.

வெட்டுவான் தோள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எந்திரத்தின் அதிர்வு கைப்பிடி வழியாகத் தோளுக்கு ஏறும். லஸ்ஸில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா, 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயரைத் தாங்கியது. நிறுவனம் 1914-இல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. புல்வெளிக்கும் தோள்வலித் தைலத்துக்கும் ஒரே பெயர் காவல் நிற்பதைத் தற்செயல் என்று ஆய்வாளர் ஏற்கவில்லை.

வீட்டார் வாய்தான் பெரிது. தள்ளும் எந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று கொள்வோம். அது விநாடிக்கு 50. கத்திக்கு நுனி இரண்டு. ஆகவே விநாடிக்கு 100 அதிர்வு. இது ஐந்து கட்டைக்கு ஒரு ஸ்தாயி கீழே, சற்றே ஏறக்குறைய வந்து நிற்கும் சுருதி. ஐந்து, ஐந்தரைக் கட்டை என்பது பெண் பாடகர்கள் பலர் பாடும் சுருதி. மார்கழி சீசனில் மயிலாப்பூரில் காலை பத்து மணிக்குப் புல்வெட்டினால் இரண்டாம் மாடியில் பாட்டுச் சொல்லிக்கொள்ளும் பெண், தம்புரா என்று எண்ணி அதோடு சேர்ந்துகொள்ளும் அபாயம் உண்டு. சுழற்சி குறைந்தால் சுருதி இறங்கும். உடனே நான்கு பால்கனியிலிருந்து ஆட்சேபம் வரும். சத்தம் போடுகிறது என்று வேறு பேட்டைகளில் சண்டைக்கு வருவார்கள். சுருதி சேரவில்லை என்று வருவது இங்கு மட்டும்தான். போதாக்குறைக்கு விடியலில் வாசலில் கோலம் இருக்கும், அதன்மேல் சக்கரம் ஏறக்கூடாது. மத்தியானம் இரண்டு முதல் நான்கு தூக்கம். நான்கு மணிக்கு மேல் சபா கேன்டீன்.

இந்த ஏதுக்களையெல்லாம் தொகுத்துக் குடியிருப்பு நலச்சங்கக் கூட்டத்தில் முன்வைத்தபோது, தோட்டவேலைக்கு வருபவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் சொன்னது முழுவதும் இவ்வளவுதான்: "மெஷின்லாம் வேணாம் சார். எங்க வச்சிப் பூட்டுவீங்க? அரிவா ஒண்ணு வாங்கிக் குடுங்க. கால் மணி நேர வேல."

வாங்கிக் கொடுத்தார்கள். அவர் வேலை செய்ததைக் கிட்ட இருந்து பார்த்ததில் துறைக்குப் புதிதான ஓர் உண்மை கிடைத்தது. குந்தி உட்கார்ந்து, இடது கையால் புல்லைக் கொத்தாகச் சேர்த்துப் பிடித்து, பல் வைத்த கருக்கரிவாளால் தன் பக்கம் இழுத்து அறுக்கிறார். ஒரு கொத்து அறுந்ததும் பாதத்தை உயர்த்தாமல், குதிகாலை ஒரு பக்கம் நுனிக்காலை ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றித் திருப்பி, நண்டு மாதிரி நகர்கிறார். உட்கார்ந்த இடத்திலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எட்டுவது மூன்றடி. அதாவது 36 அங்குல டெக். அதே ஆள் எழுந்து, ஒருக்களித்து, அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஆக்டிவாவுக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் நடுவே போய்விடுகிறார். வெட்டும்போது மூன்றடி, நுழையும்போது முக்கால் அடி! மூன்றில் ஒரு பங்கு விதி அவர் கைக்குப் பழக்கம், சுருதியும் கிடையாது. அறுத்ததில் ஒரு பிடி அருகம்புல்லைத் தனியே எடுத்து, தெருமுனைப் பிள்ளையாருக்கு என்று முதல் மாடி மாமி வாங்கிப் போய்விட்டார். புல் சேகரிக்கும் பை எந்திரத்தில் தனி விலை என்பதைச் சங்கச் செயலாளர் இங்கு குறிப்பில் ஏற்றிக்கொண்டார்.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டரும் இதைச் செய்யுமே என்ற எதிர்வாதம் எழும். செய்யும். நைலான் நரம்பு சுழலும்போது புல்லோடு ஜல்லிக்கல்லையும் எடுத்து வீசும். இன்னோவா எங்கே நிற்கிறது என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

அப்படியானால் அகல டெக் எங்குமே வேண்டாமா எனின், வேண்டும். அடையாற்றில் வேண்டும். 1882 முதல் பிரம்மஞான சபை இருக்கும் தோட்டத்தின் பரப்புக்கு 60 அங்குலம் கூசாமல் ஓடலாம். ஆனால் ஆலமரத்துப் பக்கம் போனால் விழுதுக்கும் விழுதுக்கும் நடுவே திரும்பவும் இடுக்குத்தான்; 1989-இல் தாய்மரம் புயலில் சாய்ந்தபிறகும் விழுதுகள் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் நூற்பா அங்கும் செல்லுபடியாகிறது என்பதில் ஆசிரியருக்கு ஒரு நிறைவு. சேப்பாக்கம் மைதானம் நம் எல்லைக்கு வெளியே என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: டி.வி.யில் தெரியும் வெளிர்ப்பச்சை, கரும்பச்சைப் பட்டைகள் இரண்டு ஜாதிப் புல் அல்ல. போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமும் உருளை புல்லைச் சாய்ப்பதால் வெளிச்சம் மாறித் தெரிகிறது. இதற்காக எத்தனை வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.

கடைசியாக, நூல் மரபுப்படி புறனடை:

*வேரிலாப் புல்லும் மானுறை புலமும்*
*கூறிய விதிக்குப் புறம்பெனக் கொளலே.*

மானுறை புலம் என்றது கிண்டி தேசியப் பூங்காவையும், அதை ஒட்டிய ஆளுநர் மாளிகையையும், ஐ.ஐ.டி. வளாகத்தையும். அங்கே புள்ளிமானும் வெளிமானும் புல்லைப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு மானின் டெக் அகலம் ஒரு வாயளவுதான்; எண்ணிக்கையால் அகலத்தை ஈடுகட்டிவிடும், பெட்ரோலும் கேட்காது. மயிலாப்பூர் மாடும் இந்த இனத்தில் அடங்காதோ எனின், அடங்காது. மாட்டுக்குக் கீழ்த்தாடையில் முன்பல் எட்டு, மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் சுற்றிப் பிடித்து இழுப்பதால் தரையோடு ஒட்டக் கறிக்க வராது. தவிரவும் அது பழகியிருப்பது சுவரொட்டிக்கு.

வேரிலாப் புல் என்றது தி.நகர்க் கடைவாசல்களிலும் மொட்டைமாடிகளிலும் விரித்துக் கிடக்கும் பிளாஸ்டிக் புல்லை. இது மழைக்கு வளராது, 2019-க்கும் வாடாது. ஆயினும் வாரம் ஒருமுறை புழுதி தட்டியாக வேண்டும். வேக்குவம் கிளீனர் தலையின் அகலம் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றித் தனி நூல் எழுதும்படி எவரேனும் நல்கை அளித்தால் ஆசிரியர் தயார். அளவு நாடா கைவசம் இருக்கிறது.